தம்பி மாத்திரையை நிறுத்திவிட்டான். சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாமா?

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். தம்பிக்கு 27 வயசு. ஸ்கிசோஃப்ரீனியா, அதாவது மனச்சிதைவுனு சொல்லி 3 வருஷமா மருந்து. ரிஸ்பெரிடோன் 4 மி.கி. போய்க்கிட்டிருந்தது. ராத்திரி தூங்காம ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்துக்கிட்டே இருக்கான்னு சொன்னோம். போன தடவை டாக்டர் 6 மி.கி. ஆக்கி, காலையில ட்ரைஹெக்சிபெனிடில் 2 மி.கி. ஒண்ணு சேர்த்தாங்க. இப்போ 12 நாளா எதையும் தொடலை. "எனக்கு ஒண்ணும் இல்ல, மாத்திரைதான் என்னை என்னமோ பண்ணுது"ங்கிறான். நிறுத்தின பிறகு அந்த நடை குறைஞ்சிருக்கு, முகமும் தெளிவாத்தான் இருக்கு. அதனால எங்களுக்கும் குழப்பம். ஆனா 2 வருஷம் முன்ன இதே மாதிரி நிறுத்தினப்போ, ரெண்டு மாசத்துல பக்கத்து வீட்டுக்காரங்க கேமரா வச்சுப் பார்க்கிறாங்கன்னு சண்டைக்குப் போயிட்டான். பொடி பண்ணி ரசத்துல கலந்துடலாம்ங்கிறாங்க அம்மா. செய்யலாமா? ஏன் இப்படி நிறுத்துறாங்க, எப்படிப் பேசிப் புரிய வைக்கிறது?

படித்துறை (மனநலச் சமூகப் பணி)

சகோதரி, நீங்கள் எழுதியதிலேயே ஒரு முக்கியமான துப்பு இருக்கிறது. 4 மி.கி.யில் நடந்தார், 6 ஆக்கினார்கள், நிறுத்தியதும் நடை குறைந்தது. நோய் முற்றி நடந்திருந்தால் மருந்தை விட்டதும் குறைந்திருக்காது. இது அகதிசியாவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ரிஸ்பெரிடோன் போன்ற ஆன்டிசைக்காட்டிக் மருந்துகள் (மனச்சிதைவுக்குத் தருபவை) சிலருக்குத் தரும் பக்கவிளைவு அது. உடம்புக்குள், அதிலும் கால்களில், இருப்புக்கொள்ளாத ஒரு தவிப்பு. எழுந்து நடந்தால் கொஞ்சம் தணியும், உட்கார்ந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். மருந்து தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய சில நாட்களிலோ வாரங்களிலோ வரும்.

மருத்துவர்கள் இதைப் பார்க்கும் முறை எளிது. நோயாளியை 2 நிமிடம் உட்கார வைத்தும் 2 நிமிடம் நிற்க வைத்தும் கால்களைக் கவனிப்பார்கள். உட்கார்ந்திருக்கையில் பாதம் தரையில் தேய்வது, தொடை ஆடுவது, நிற்கும்போது எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறிக்கொண்டே இருப்பது. பிறகு, "உள்ளுக்குள்ள எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். குரல் கேட்பதால் நடப்பவர் குரலைப் பற்றியோ பயத்தைப் பற்றியோ சொல்வார். அகதிசியா உள்ளவர் "கால் நிக்க மாட்டேங்குது, உட்காரவே முடியல" என்பார். இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால், வீட்டார் "படபடப்பு அதிகம்" என்பார்கள், மருந்து கூடும், தவிப்பும் கூடும், கடைசியில் நோயாளி தானே நிறுத்திக்கொள்வார். நாள் முழுக்க அந்தத் தவிப்போடு இருப்பது சாதாரண வேதனை அல்ல, தற்கொலை எண்ணம் வரை கொண்டுபோகக்கூடியது. "மாத்திரைதான் என்னை என்னமோ பண்ணுது" என்று உங்கள் தம்பி சொன்னதை அப்படியே நம்புங்கள்.

ட்ரைஹெக்சிபெனிடில் கை நடுக்கத்துக்கும் உடல் இறுக்கத்துக்கும் நன்றாகக் கேட்கும், அகதிசியாவுக்கு அவ்வளவாகக் கேட்காது. மருத்துவர் வழக்கமாகச் செய்வது ரிஸ்பெரிடோன் அளவைக் குறைப்பது, வேறு மருந்துக்கு மாற்றுவது, அல்லது ப்ரோப்ரனலால் சிறிய அளவில் சேர்ப்பது. ஆஸ்துமா இருந்தால் ப்ரோப்ரனலால் கூடாது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனி ஏன் நிறுத்துகிறார்கள் என்பது. பெரும்பாலான குடும்பங்கள் இதைப் பிடிவாதம் என்று நினைக்கின்றன. நோயாளியின் பக்கம் இருந்து பாருங்கள். மாத்திரை போட்டால் தூக்கக்கலக்கம், எடை, தவிப்பு எல்லாம் அன்றைக்கே தெரிகிறது. மருந்தின் பலனோ, வராமல் போன ஒன்று. அது கண்ணுக்குத் தெரியாது. நிறுத்தினால் தூக்கக்கலக்கமும் தவிப்பும் சீக்கிரமே விலகி, உடம்பு லேசாகிறது. நோய் திரும்புவதோ வாரங்கள், மாதங்கள் கழித்து. அதற்குள் "மாத்திரையை விட்டதும்தான் நன்றாக இருக்கிறேன்" என்ற முடிவு மனதில் உறுதியாகிவிடும். அந்த முடிவுக்கு அவருடைய அனுபவமே சாட்சி, அதனால்தான் அறிவுரை எடுபடுவதில்லை. உங்கள் வீட்டில் இப்போது நடப்பதும் இந்த இடைவெளிதான். முகம் தெளிவாக இருப்பதை வைத்து மருந்து தேவையில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதல் முறை சைக்கோசிஸ் (எது நிஜம் என்று பிரித்தறிய முடியாத நிலை) வந்தவர்களை நியூயார்க்கில் 5 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தை நிறுத்தியபோது நோய் திரும்பும் ஆபத்து ஏறத்தாழ 5 மடங்கானது. நிறுத்துவது எவ்வளவு பரவலானது என்பதற்கு ஸ்கிசோஃப்ரீனியா மருந்துகளை ஒப்பிட்டு 2005இல் அமெரிக்காவில் வந்த கேட்டி ஆய்வைச் சொல்லலாம். கொடுக்கப்பட்ட மருந்தை 18 மாதங்களுக்குள் விட்டவர்கள் அல்லது மாற்றியவர்கள் 74 சதவீதம். ஆகவே நிறுத்துவார் என்று எதிர்பார்த்தே திட்டமிட வேண்டும்.

தம்பிக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ரிஸ்பெரிடோன் புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டும். ஆண்களுக்குப் பாலுறவு நாட்டம் குறையும், விறைப்புத் தடைபடும், சிலருக்கு மார்பு வீங்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோகும், பால் சுரக்கும். 27 வயதுப் பையன் இதை அம்மா, அக்கா முன்னால் வாயைத் திறந்து சொல்லவே மாட்டான். மருத்துவரிடம் அவனைத் தனியாகப் பேச விடுங்கள். 10 நிமிடம் நீங்கள் வெளியே உட்கார்ந்தால் போதும்.

மற்ற காரணங்கள் ஆளுக்கு ஆள் வேறு. கல்யாணம் ஆகிப் போன பெண், மாமியார் கண்ணில் படக்கூடாது என்று மாத்திரையை விடுவாள். மாலை போட்டவர் விரதத்துக்காக விடுவார். ரமலானில் காலை வேளை மாத்திரை நின்றுபோகும். அதை இஃப்தாருக்கோ சஹருக்கோ மாற்ற முடியுமா என்று கேட்டாலே பெரும்பாலும் வழி கிடைக்கும். விடியற்காலையில் வண்டி ஓட்டப் போகிறவர் கலக்கத்துக்குப் பயந்து விடுவார். அவருக்கு இரவு மாத்திரையை 10 மணியிலிருந்து 8 மணிக்கு நகர்த்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். சனி, ஞாயிறு குடிப்பதற்காக விடுகிறவர்களும் உண்டு, "மாத்திரையும் சரக்கும் சேரக்கூடாது" என்று கேட்டு மாத்திரையை விட்டுவிடுவார்கள். கிட்னி போய்விடும், சூடு என்று உறவினர் சொல்லி நிறுத்துவது தனி. காரணம் தெரியாமல் எல்லோருக்கும் ஒரே அறிவுரை சொல்லிப் பயனில்லை.

பேசுவது எப்படி? "உனக்கு நோய் இருக்கு, ஒத்துக்கோ" என்று தொடங்கவே தொடங்காதீர்கள். பக்கவாதம் வந்த சிலர் செயலிழந்த கை நன்றாகத்தான் இருக்கிறது என்று சாதிப்பார்கள். அதுபோல ஸ்கிசோஃப்ரீனியாவில் பலருக்கும் தன் நோயை உணரும் திறனே பாதிக்கப்படுகிறது. வாதாடி வரவழைக்கக் கூடியது அல்ல அது. அமெரிக்க உளவியலாளர் சேவியர் அமடோர் இதற்கென்றே ஒரு முறை வகுத்தார். முதலில் கேட்பது, பிறகு அவர் படும் பாட்டை ஒப்புக்கொள்வது, இருவரும் ஒத்துப்போகும் ஒரு புள்ளியைப் பிடிப்பது, அதை வைத்துச் சேர்ந்து செய்வது. உங்கள் வீட்டில் அந்தப் புள்ளி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. "அந்த மாத்திரையில உனக்குக் கால் தவிப்பு வந்திருக்கும்போல. அது பக்கவிளைவுதானாம், சரி பண்ணலாமாம். அதைச் சொல்லத்தான் டாக்டர்கிட்ட போறோம், வா" என்று கூப்பிட்டுப் பாருங்கள். "எனக்கு நோய் இருக்குன்னு நினைக்கிறியா?" என்று அவர் திருப்பிக் கேட்டால் பொய் வேண்டாம். "நான் அப்படித்தான் நினைக்கிறேன், நீ அப்படி நினைக்கல. அதுல சண்டை வேணாம். தூக்கமும் தவிப்பும் சரியாகணும், அதுல ரெண்டு பேருக்கும் ஒரே கருத்துதானே" என்பது போதும்.

நெல்லைக்கல்வம் (மருந்தாளுநர்)

மேலே சொன்னதோட, அந்த ரச விஷயத்துக்கு வர்றேன். வேண்டாம்மா. அம்மாவோட தவிப்பு புரியுது, ஆனா இதுல தப்பாகிற இடங்கள் ஒண்ணு ரெண்டு இல்ல.

முதல்ல அளவு. கலந்த ரசத்துல பாதியைக் குடிச்சிட்டு மீதியை வச்சுட்டா எவ்வளவு உள்ள போச்சுன்னு யாருக்கும் தெரியாது. அது தெரியாத டாக்டர், 6 மி.கி.யிலயும் கேட்கலைன்னு நினைச்சு அடுத்த மருந்துக்குப் போவார். அடுத்தது, ரிஸ்பெரிடோன் திரவ மருந்தா, ஒரு மில்லியில 1 மி.கி.ன்னு கிடைக்கும். அதைத் தண்ணியிலயோ பாலிலயோ காப்பியிலயோ கலக்கலாம். டீயிலயும் கோலாவிலயும் கலக்கக்கூடாதுன்னு தயாரிப்புக் குறிப்பே சொல்லுது. வீட்டுல பெரும்பாலும் கலக்கிறது டீயிலதான்! எல்லா மாத்திரையையும் பொடிக்கவும் கூடாது. பேருக்குப் பின்னாடி எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர்.னு இருந்தா மெதுவாக் கரையும்படி செஞ்சது. லித்தியம், டைவால்ப்ரோயெக்ஸ், குவெட்டியாபின், வென்லாஃபேக்சின் இதுல எல்லாம் அந்த வகை உண்டு. பொடிச்சா நாள் முழுக்க இறங்க வேண்டியது ஒரேயடியா இறங்கும்.

எல்லாத்துக்கும் மேல, பக்கத்து வீட்டுக்காரங்க கண்காணிக்கிறாங்கன்னு ஏற்கனவே சந்தேகப்பட்ட பையன். ரசத்தோட அடியில வெள்ளைப் பொடியை ஒரு தடவை பார்த்தா, வீட்டுச் சாப்பாட்டுல எதையோ கலக்கிறாங்கங்கிற அவனோட பயம் உண்மையாவே ஆயிடும். அப்புறம் சாப்பாட்டையும் விடுவான், உங்களையும் நம்பமாட்டான். அவன் சம்மதமில்லாம தினம் மருந்து கொடுக்கிறது சட்டப்படியும் சரியில்ல.

விழுங்கத்தான் கஷ்டம்னா, வாயில வச்சதும் கரையிற மாத்திரை ரிஸ்பெரிடோன்லயும் ஓலன்சாபின்லயும் இருக்கு. அது அவனுக்குத் தெரிஞ்சே கொடுக்கிறது, ஒளிக்க ஒண்ணும் இல்ல.

வீட்டுல மீதி இருக்கிற பட்டையிலிருந்து நாளைக்கே 6 மி.கி. எடுத்துக் கொடுத்துடாதீங்க. 12 நாள் இடைவெளிக்கு அப்புறம் அதே அளவுல குதிச்சா தலைசுத்தல், ரத்த அழுத்தம் இறங்குறது, மறுபடி தவிப்பு எல்லாம் வரும். குறைஞ்ச அளவுல ஆரம்பிச்சு ஏத்துறதா, வேற மருந்தாங்கிறதை டாக்டர்தான் சொல்லணும். ஸ்கிசோஃப்ரீனியாவுக்கே தர்ற இன்னொரு மருந்தான குளோசபின் போடுறவங்க இதை இன்னும் கவனிக்கணும்: 48 மணி நேரத்துக்கு மேல விட்டுப்போச்சுன்னா பழைய அளவுல போடவே கூடாது, 12.5 மி.கி.யிலிருந்து மறுபடி ஏறணும். பைபோலாருக்குத் தர்ற லாமோட்ரிஜினும் 5 நாளுக்கு மேல விட்டா பழைய அளவுல போடக்கூடாது, கடுமையான தோல் தடிப்பு வரலாம்.

கவுன்ட்டர்ல அடிக்கடி பார்க்கிற, யாரும் பேசாத ஒரு காரணம் சொல்றேன். கம்பெனி மாறிடும். போன மாசம் வரைக்கும் சின்ன வெள்ளை வட்டம், இந்த மாசம் மஞ்சள்ல நீளமா. உள்ள இருக்கிறது அதே மருந்து, அதே அளவு. அரசு ஆஸ்பத்திரியிலயும் மக்கள் மருந்தகத்துலயும் இது சகஜம். சந்தேகம் உள்ள நோயாளிக்கு, மாத்திரையை மாத்திட்டாங்கன்னு தோணி அன்னிக்கே நின்னுடும். பழைய பட்டையில ஒரு துண்டு வச்சிருந்து, மருந்துப் பேரும் மி.கி.யும் ரெண்டுலயும் ஒண்ணுன்னு அவன் கையிலயே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்க. இன்னொண்ணு, இருப்பு. கடைசி 7 நாள் மாத்திரை இருக்கும்போதே அடுத்ததை வாங்கிடுங்க. பொங்கல், தீபாவளி வாரத்துல ஓ.பி. இல்லாம, சீட்டும் பழசாகி, மருந்துக்கடையில கொடுக்கமாட்டேன்னு சொல்லி, அங்கேயே அறுந்துபோகிற வைத்தியம் எத்தனையோ.

வைகைக்கரை

ரொம்ப நன்றி. நேத்து கால் தவிப்பு பத்திக் கேட்டேன், "இப்பவாச்சும் கேட்டியே"ன்னான். ஆனா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேங்கிறான். மாசம் ஒரு ஊசி போட்டா மாத்திரையே வேணாம்னு சொந்தக்காரர் ஒருத்தர் சொல்றார். அது சரிப்படுமா? அவன் வராமலே நான் மட்டும் டாக்டரைப் பார்க்கலாமா?

இரவுப்பணி (மனநலச் செவிலியர்)

அக்கா, நீங்கள் மட்டும் போகலாம், போகவும் வேண்டும். போகும்போது ஒரே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்தத் தேதியில் எந்த மருந்து எத்தனை மி.கி., நடை எப்போது தொடங்கியது, அளவைக் கூட்டியது எப்போது, நிறுத்தியது எப்போது, நடை எப்போது குறைந்தது. இரவு எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்பதும். கூட்டமான ஓ.பி.யில் 5 நிமிடம்தான் கிடைக்கும், இந்தத் தேதி வரிசையைப் பார்த்தாலே மருத்துவருக்கு விஷயம் பிடிபட்டுவிடும். மாவட்ட மனநலத் திட்டக் குழு தாலுகா மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் குறிப்பிட்ட நாட்களில் முகாம் நடத்துவார்கள். "மனநல ஆஸ்பத்திரி" என்ற பெயருக்கே கூசுகிறவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவதுண்டு. 14416 டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே 24 மணி நேரமும் பேசலாம், தம்பியே பேச விரும்பினாலும் பேசட்டும்.

ஊசி நல்ல வழிதான், ஆனால் தம்பிக்கு இந்த வாரமே அவசரப்பட வேண்டாம். மாத்திரையில் தவிப்பு வந்தால் அடுத்த வேளையை நிறுத்திக்கொள்ளலாம். ஊசி உள்ளே போய்விட்டால் வாரக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும், திரும்ப எடுக்க முடியாது. எந்த மருந்தை ஊசியாகப் போடப் போகிறார்களோ அது மாத்திரையாக ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். அரசு மருத்துவமனைகளில் பழகியது ஃப்ளூஃபெனசின் டெகனோயேட், 25 மி.கி., 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு முறை. முதலில் 12.5 போட்டுப் பார்ப்பது வழக்கம். அது எள்ளெண்ணெயில் கரைத்த மருந்து, எள் ஒவ்வாமை இருந்தால் சொல்லிவிட வேண்டும். எண்ணெய் என்பதால் கெட்டியாக இருக்கும், இடுப்புத் தசையில் ஆழமாக, மெதுவாகப் போட வேண்டும். போட்ட இடத்தைத் தேய்க்கக்கூடாது. தேய்த்தாலோ மேலாகப் போட்டாலோ கட்டி விழும். அந்தக் கட்டியின் வலிக்குப் பயந்தே அடுத்த மாதம் வராமல் போகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் பக்கம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். பாலிபெரிடோன் மாத ஊசி புதியது, விலை அதிகம். முதல் நாள் 150 மி.கி., ஒரு வாரம் கழித்து 100 மி.கி., இரண்டும் தோளில், பிறகு மாதம் ஒன்று. இது ரிஸ்பெரிடோனின் உறவுக்கார மருந்து என்பதால் தம்பியின் கால் தவிப்பைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஊசியைத் தண்டனைபோல் பேசினால் காரியம் கெட்டுவிடும். "மாத்திரை போடலைன்னா ஊசி போட்டுடுவேன்" என்று எத்தனையோ வீடுகளில் மிரட்டுகிறார்கள். தினமும் மாத்திரையை ஞாபகப்படுத்தி அம்மா பின்னால் வரமாட்டார், மாதம் ஒரு நாளோடு முடிந்தது என்று சொன்னால் பல இளைஞர்கள் தாங்களே கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.

மறுபடி மாத்திரை தொடங்கினால், ஒரு நாளுக்கு ஒரே வேளை, இரவுச் சாப்பாட்டோடு என்று வைக்க முடியுமா என்று கேளுங்கள். 3 வேளை 5 மாத்திரை இருக்கும் சீட்டை எடுத்துக்கொண்டு எவரும் ஒழுங்காகப் போட மாட்டார்கள். ஏழு அறை உள்ள வார டப்பாவை ஞாயிற்றுக்கிழமை தம்பியே நிரப்பட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். நாக்குக்கடியில் வைத்துத் துப்புகிறார் என்று சந்தேகம் வந்தால் வாயைத் திறக்கச் சொல்லிச் சோதிக்காதீர்கள். ஒரு முழு டம்ளர் தண்ணீரும், பிறகு 10 நிமிடம் உட்கார்ந்து பேச்சும் போதும். துப்புவதற்கும் காரணம் இருக்கும், அதைக் கேளுங்கள்.

இந்த இடைவெளியில் நீங்கள் கவனிக்க வேண்டியது தூக்கம். போன முறை கேமரா பேச்சுக்கு முன்னால் என்னென்ன மாறியது என்று அம்மாவோடு உட்கார்ந்து நினைத்துப் பாருங்கள். 4 மணி நேரத்துக்கும் குறைவான தூக்கம், ஜன்னலைச் சாத்துவது, போனை அணைத்துவைப்பது, சாப்பாட்டை முகர்ந்து பார்ப்பது என்று ஆளுக்கொரு வரிசை இருக்கும், பெரும்பாலும் அதே வரிசையில்தான் திரும்பவும் வரும். அந்த வரிசையில் முதலிரண்டு தென்பட்டதுமே மருத்துவரிடம் ஓடுங்கள், சண்டை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

தன்னையோ பிறரையோ காயப்படுத்தப் போகிற நிலை, அல்லது சாப்பாடு தண்ணீர் இல்லாமல் கிடக்கும் நிலை வந்தால் 108ஐ அழையுங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 94ஆம் பிரிவில், உயிருக்கோ உடலுக்கோ பெரிய ஆபத்து என்றால் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரப் பதிவுபெற்ற எந்த மருத்துவருக்கும் இடம் உண்டு. 89ஆம் பிரிவில், நியமனப் பிரதிநிதி (நோயாளி தன் சார்பில் நியமிக்கும் ஆள்) விண்ணப்பித்து, மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியாகப் பரிசோதித்துச் சொன்னால் 30 நாள் வரை சேர்க்கலாம். அந்தப் பிரதிநிதியாக யார் இருக்க வேண்டும் என்பதை, தெளிவாக இருக்கும் இப்போதே தம்பியிடம் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள், 14ஆம் பிரிவு அவருக்குத் தரும் உரிமை அது. எப்படிப்பட்ட சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க 5ஆம் பிரிவு இடம் தருகிறது. "ரிஸ்பெரிடோன் அதிக அளவில் எனக்குக் கால் தவிப்பு தந்தது" என்பதை அதில் அவர் கையாலேயே எழுதட்டும். சங்கிலியால் கட்டிப்போடுவது எந்த நிலையிலும் குற்றம். 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் 28 பேர் தீயில் கருகியது சங்கிலியில் கிடந்ததால்தான். தர்காவுக்கோ கோவிலுக்கோ கூட்டிப்போக வேண்டும் என்று வீட்டில் சொன்னால் போய்வாருங்கள், மாத்திரையும் கூடவே போகட்டும்.

மலைக்கோட்டை

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். அப்பாவுக்கு பைபோலார் (இருதுருவ மனநோய்), லித்தியம் 900 மி.கி. கை நடுங்குகிறது என்று அவரே 3 நாளாக நிறுத்திவிட்டார். இதுவும் இப்படித்தானா?

நெல்லைக்கல்வம் (மருந்தாளுநர்)

இது வேற கணக்கு, இன்னிக்கே டாக்டருக்குப் போன் பண்ணுங்க. லித்தியத்தைத் திடீர்னு நிறுத்தினா மேனியா (அளவுமீறின உற்சாகமும் வேகமும்) சீக்கிரமே திரும்பி வர வாய்ப்பு அதிகம். நிறுத்தியே ஆகணும்னா குறைஞ்சது 4 வாரம், முடிஞ்சா 3 மாசம்னு மெதுவா இறக்குவாங்க.

நடுக்கம் எப்படின்னு பாருங்க. நீட்டின விரல் லேசா நடுங்கினா பக்கவிளைவு, அளவைச் சரி பண்ணலாம். டம்ளர் பிடிக்க முடியாத பெரிய உதறல், வாந்தி, பேதி, நடை தள்ளாட்டம், பேச்சுக் குழறல் இருந்தா நஞ்சாகியிருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி. மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக்கோ ஐபுப்ரோஃபெனோ போட்டாரான்னு கேளுங்க, அது லித்தியம் அளவை ஏத்திவிடும். தண்ணி கம்மியாக் குடிச்சு வெயில்ல அலைஞ்சாலும், திடீர்னு உப்பை நிறுத்தினாலும் அப்படியே. வலிக்குப் பாராசிட்டமால் போதும்.

லித்தியம் அளவுக்கு ரத்தம் எடுக்கிறது, கடைசி வேளை போட்டு 12 மணி நேரம் கழிச்சு. ராத்திரி 9க்குப் போட்டா காலையில 9க்கு, காலை மாத்திரை போடுறதுக்கு முன்னாடி. அப்பா 3 நாளா விட்டதால, போட்டுக்கிட்டிருந்த அளவு சரியான்னு பார்க்க இப்போ எடுக்கிற எண் உதவாது. மறுபடி ஆரம்பிச்சு 5லிருந்து 7 நாள் ஆனதும் எடுக்கச் சொல்வாங்க. கூடவே கிரியாட்டினினும் (கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுறது) தைராய்டும் பார்த்துடுங்க, கடைசியா எடுத்து 6 மாசம் ஆகியிருந்தா.